கிளர்வுற்ற அணுக்கருவின் காமா கதிரை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியிலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள், அவர்களை அழைத்துவரும் பெற்றோர், சிறிய காமா நிறமாலைமானியை (காமா கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) இணையத்தில் வாங்கிவிட்டு அடுத்து என்ன செய்வதென்று விழிப்பவர்கள் ஆகியோர் எங்கள் வார இறுதித் தமிழ் அறிவியல் வகுப்பில் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகடு, அதாவது திரையில் எண்ணிக்கை குவிந்து உயரும் இடம், எந்த ஆற்றலில் நிற்கிறது என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். அந்த முகட்டுக்கடியில் எத்தனை எண்ணிக்கை சேர்ந்தது, அது மாதிரியிலிருந்து வந்ததா சுவரிலிருந்து வந்ததா என்பதுதான் வேலை வாங்கும். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதலாவதில்தான் ஆர்வம். என் பதில்கள் இரண்டாவதன் பக்கம் சாய்ந்திருந்தால் அது தெரிந்தே செய்ததுதான்.

அணுக்கரு கிளர்வுறுவது என்றால் என்ன?

அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். எல்லாவற்றிலும் தாழ்ந்தது அடிநிலை, மற்றவை கிளர்வுநிலைகள். மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது இடைப்பட்ட ஆற்றலைக் காமா கதிராக உமிழ்கிறது. நிலைகள் ஒவ்வொரு அணுக்கருவுக்கும் தனித்தன்மை உடையவை என்பதால் கதிரின் ஆற்றலை வைத்தே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்.

எல்லோரும் "சீசியத்தின் காமா" என்று சொல்லும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரையே எடுத்துக்கொள்வோம் (இனி கே.இ.வி. என்று எழுதுகிறேன்). அதை உமிழ்வது சீசியம் அன்று. சீசியம்-137, ஏறக்குறைய 30 ஆண்டு அரை ஆயுட்காலத்துடன் (இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்), பீட்டா சிதைவில், அதாவது அணுக்கரு ஓர் எலக்ட்ரானை உமிழ்வதில், பேரியம்-137 ஆகிறது. பெரும்பாலும் அது அடிநிலையில் பிறப்பதில்லை, 662 கே.இ.வி. உயரத்தில் உள்ள கிளர்வுநிலையில் பிறக்கிறது. அந்த நிலைக்கும் அடிநிலைக்கும் இடையே தற்சுழற்சி வேறுபாடு பெரியது. ஆகவே இறங்குவது எளிதாக நடப்பதில்லை. சராசரி அணுக்கரு ஒன்று கிளர்வுநிலையில் பிக்கோவினாடி அளவில்தான் தங்கும். இந்தப் பேரியமோ 2.55 நிமிட அரை ஆயுளோடு காத்திருக்கிறது. வேதிமுறையில் பேரியத்தை மட்டும் பிரித்தெடுத்தால், மானியின் எண்ணிக்கை கண்ணெதிரே பாதியாகி, மீண்டும் பாதியாவதைப் பார்க்கலாம். மாணவர் ஆய்வகங்களுக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரிந்து இல்லை.

எக்ஸ் கதிருக்கும் காமா கதிருக்கும் என்ன வேறுபாடு?

பிறந்த இடம் மட்டுமே. எலக்ட்ரான் கூடுகளிலிருந்து வந்தால் எக்ஸ் கதிர், அணுக்கருவிலிருந்து வந்தால் காமா கதிர். ஆற்றலை வைத்துப் பிரிப்பது பழைய பழக்கம். சீசியம் மூலத்தை அளந்தால் 32 கே.இ.வி. அருகே ஒரு சிறு முகடு தெரியும். அது பேரியத்தின் எக்ஸ் கதிர். அணுக்கரு தன் ஆற்றலைக் காமாவாக விடாமல் நேரே தன் எலக்ட்ரான் ஒன்றிடம் கொடுத்து அதை வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. காலியான அந்த இடத்தை வேறு எலக்ட்ரான் நிரப்பும்போது இந்த எக்ஸ் கதிர் வருகிறது. இதனாலும், சில சிதைவுகள் நேரே அடிநிலைக்கே போய்விடுவதாலும், நூறு சீசியம் சிதைவுகளுக்கு 85 காமாக்களே கிடைக்கின்றன. இந்த 85-ஐ மறந்துவிட்டு எண்ணிக்கையைச் சிதைவு வீதமாக எழுதிக்கொண்டு வருபவர்கள் அதிகம்.

கருவி ஆற்றலை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காமா கதிரை நேரடியாக யாரும் அளப்பதில்லை. அது படிகத்துக்குள் ஒரு எலக்ட்ரானைத் தள்ளுகிறது. அந்த எலக்ட்ரான் ஓடி நிற்பதற்குள் விட்டுச்செல்லும் தடத்தைத்தான் அளக்கிறோம். தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தில் அந்தத் தடம் ஒளியாக மின்னுகிறது. இராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1948-ல் காட்டிய வழி இது. ஒளியின் அளவு, கதிர் விட்ட ஆற்றலுக்கு ஏறக்குறைய நேர்விகிதம். ஒளிப்பெருக்கிக் குழாய் அதை மின்துடிப்பாக மாற்றுகிறது. துடிப்பின் உயரத்தைப் பார்த்து ஒவ்வொன்றையும் அதற்குரிய சேனலில் போட்டு எண்ணிக்கொண்டே போனால் நிறமாலை வளர்கிறது.

ஜெர்மானியத்தில் ஒளி என்ற இடைத்தரகர் இல்லை. இடம்பெயர்ந்த எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலி இடமும் சேர்ந்த எலக்ட்ரான்-துளை இணைகள் நேரே மின்னூட்டமாகச் சேகரிக்கப்படுகின்றன. ஓர் இணைக்கு 3 எலக்ட்ரான் வோல்ட் போதும். 662 கே.இ.வி. முழுவதும் உள்ளே தங்கினால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைகள் கிடைக்கும். எண்ணிக்கை பெருகப் பெருக ஏற்ற இறக்கம் சிறுத்துப்போகும், முகடு ஒல்லியாகும்.

ஒரே ஆற்றலில் கதிர் வருகிறது என்றால், திரையில் ஏன் இவ்வளவு மேடு பள்ளம்?

இந்தக் கேள்வியை யாராவது தாமாகவே கேட்டால் எனக்கு அன்றைய நாள் நல்ல நாள்.

662 கே.இ.வி. கதிர் படிகத்துக்குள் வந்து முழு ஆற்றலையும் விட்டால் அது முழு ஆற்றல் முகட்டில் சேரும். ஆனால் பெரும்பாலானவை அப்படிச் செய்வதில்லை. ஓர் எலக்ட்ரானை மோதி, கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, மீதியோடு படிகத்தை விட்டு வெளியேறிவிடும். ஆர்தர் காம்ப்டன் 1923-ல் விளக்கிய சிதறல் இது. எவ்வளவு கொடுக்கும் என்பது எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. வந்த வழியே திரும்பினால்தான் மிக அதிகம்: 477 கே.இ.வி. அதனால் 477-க்குக் கீழே நீண்ட மேடை போலவும், 477-ல் சடாரென்று விழும் விளிம்பாகவும் தெரிகிறது. மேடைக்கும் முகட்டுக்கும் நடுவில் பள்ளம்.

இப்போது 184 கே.இ.வி. அருகே உள்ள சிறு திட்டைப் பாருங்கள். படிகத்தைத் தவறவிட்ட கதிர்கள் மேசையிலும் சுவரிலும் பட்டு, பின்னோக்கிச் சிதறி, அந்த மீதி ஆற்றலோடு படிகத்துக்குள் வருகின்றன. 477-ஐயும் 184-ஐயும் கூட்டுங்கள், 661 வரும். தசமங்களையும் சேர்த்தால் 662-க்கே வந்துவிடும். விளிம்பும் திட்டும் ஒரே மோதலின் இரு பாதிகள். கருவியை ஈயக் கூட்டுக்குள் வைத்தால் 75 கே.இ.வி. அருகே ஈயத்தின் எக்ஸ் கதிர் தலைகாட்டும். அதையும் புதிய தனிமம் என்று எண்ணி அஞ்ச வேண்டாம். 1022 கே.இ.வி.க்கு மேற்பட்ட கதிர்களில் எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் இணையாக உண்டாவதும் சேர்ந்துகொள்ளும். பாசிட்ரான் அழியும்போது பிறக்கும் இரண்டு 511 கே.இ.வி. கதிர்களில் ஒன்றோ இரண்டுமோ படிகத்தை விட்டுத் தப்பலாம். அப்போது முதன்மை முகட்டுக்கு 511 கீழேயும் 1022 கீழேயும் தப்பிப்பு முகடுகள் முளைக்கும்.

சோடியம் அயோடைடா, ஜெர்மானியமா?

சோடியம் அயோடைடில் 662 முகட்டின் அகலம் 7 விழுக்காடு அளவில், அதாவது 45 கே.இ.வி.க்குச் சற்று மேலே. நல்ல ஜெர்மானியத்தில் 1332 கே.இ.வி.யிலேயே அகலம் 2 கே.இ.வி.யைத் தாண்டாது. ஆனால் ஜெர்மானியத்தைத் திரவ நைட்ரஜனிலோ மின் குளிர்விப்பானிலோ ஆழக் குளிர்விக்க வேண்டும். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. சிறிய மூடிய அறையில் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் குறையும். அதற்கு எச்சரிக்கை மானி இல்லாத அறையில் அதை வைக்கவே கூடாது. விலையோ கார் வாங்குவதைப் போன்றது. வீட்டில் வைத்துப் பழக சோடியம் அயோடைடோ சீசியம் அயோடைடோ போதும். சோடியம் அயோடைடு ஈரத்தை உறிஞ்சும்; அலுமினிய உறைக்குள் காற்றுப்புகாமல் அடைத்து விற்பது அதனால்தான். நம்மூர் ஈரப்பதத்தில் உறை விரிசல் விட்ட படிகம் மஞ்சள் பூத்துப் பயனற்றுப் போகும். பழைய கருவி வாங்குபவர்கள் முதலில் படிகத்தின் நிறத்தைப் பார்க்கட்டும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எதையும் வைக்காமலேயே 1461-ல் முகடு வருகிறதே?

அது உங்கள் சுவர். கான்கிரீட்டில் உள்ள கருங்கல் ஜல்லியிலும் மணலிலும் பொட்டாசியம் உண்டு. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 விழுக்காடு பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். நூறு சிதைவுகளில் ஏறக்குறைய 11 சிதைவுகள் 1461 கே.இ.வி. காமாவைத் தருகின்றன. கூடவே, யுரேனியமும் தோரியமும் படிப்படியாகச் சிதையும் வரிசைகளில் வரும் யுரேனியத் தொடரின் பிஸ்மத்-214 (609, 1765), தோரியத் தொடரின் தாலியம்-208 (2615) ஆகியவையும் இருக்கும். புக்கிட் தீமா கருங்கல்லின் மேல் நின்று அளந்தாலும் இந்தக் குடும்பமே வரும். இவற்றைத் தொல்லை என்று பார்க்காதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் அளவுகோல் அது.

குறைந்த சோடியம் உப்பை அளந்து பார்க்கலாமா?

தாராளமாக. உரிமம் தேவையில்லாத, பேரங்காடியில் கிடைக்கும் கதிர்மூலம் அதுதான். ஆனால் இந்த எளிய உப்புப் பொட்டலம்தான் அளவீட்டின் எல்லாச் சிக்கல்களையும் காட்டிவிடும்.

கணக்கை முதலில் தாளில் போடுங்கள். 500 கிராம் பொட்டலத்தில் பாதி பொட்டாசியம் குளோரைடு என்று வைத்துக்கொள்வோம். பொட்டாசியம் குளோரைடில் 52 விழுக்காடு பொட்டாசியம். ஆக 131 கிராம். ஒரு கிராம் பொட்டாசியத்துக்கு 31 பெக்கரல் (வினாடிக்கு 31 சிதைவு) என்றால் மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் பெக்கரல். அதில் 1461 காமா வினாடிக்கு 430-க்குச் சற்று மேல். இவை எல்லாத் திசைகளிலும் போகின்றன. படிகத்தின் பக்கம் வருவது சில விழுக்காடுதான். வந்தவற்றில் பலவும் மோதாமலே கடந்துவிடும். மோதியவற்றில் பெரும்பாலானவை காம்ப்டன் மேடைக்குப் போய்விடும். கையடக்கக் கருவியின் சிறு படிகத்தில் முழு ஆற்றல் முகட்டுக்கு வந்து சேர்வது பல வினாடிக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது. 430 எங்கே, இது எங்கே! இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் திறன் என்கிறோம். அதைத் தெரிந்துகொள்ளாமல் சொல்லும் பெக்கரல் கணக்கு எதுவும் கணக்கில்லை.

அடுத்த சிக்கல்: தேடும் முகடும் சுவரின் முகடும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பலர் உப்பு இல்லாமல் ஒரு முறை அளந்து கழித்துவிடுகிறார்கள். பாதி சரி. ஆனால் அரை கிலோ உப்பு, சுவரிலிருந்து வரும் கதிரையும் கொஞ்சம் மறைக்கிறது. வெற்று மேசையோடு ஒப்பிட்டால் பின்னணியைக் கூடுதலாகக் கழித்துவிடுவீர்கள். அதே டப்பாவில், அதே எடைக்குச் சாதாரண உப்பை நிரப்பி, அதே இடத்தில் வைத்து அளந்து, அதைக் கழியுங்கள். சோடியம் குளோரைடில் பொட்டாசியம்-40 இல்லை. மறைப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றே. டப்பா ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கணக்கு மாறும் என்பதால் மேசையில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தில் பொட்டாசியத்தின் அளவு அச்சிடப்பட்டிருந்தால் இதையே தலைகீழாகச் செய்து, உங்கள் கருவியின் 1461 திறனைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஆய்வகங்களிலும் பொட்டாசியம் குளோரைடை இதற்குப் பயன்படுத்துவதுண்டு.

எவ்வளவு நேரம் எண்ண வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட நீண்ட நேரம். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் தடுமாற்றம். 100 எண்ணினால் 10 முன்பின். 10,000 எண்ணினால் 100 முன்பின். பின்னணி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்போடு 1,000, உப்பில்லாமல் 900 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 100. தடுமாற்றமோ 1,900-ன் வர்க்கமூலம், அதாவது 44. "நூறு, நாற்பத்து நாலு முன்பின்" என்பதை அளவீடு என்று யாரும் ஏற்கமாட்டார்கள். நேரத்தை 16 மடங்காக்கினால் வித்தியாசம் 1,600, தடுமாற்றம் 174. இப்போது பேசலாம். இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

இரவு ஓடவிட்டால் முகடு இடம் மாறிவிடுகிறது. கருவி பழுதா?

குளிர்சாதனம் அணைந்திருக்கும். படிகத்தின் ஒளியும் குழாயின் பெருக்கமும் வெப்பநிலையோடு மாறும். மாலையில் குளிரூட்டி நிற்கும் கட்டடங்களில் 1461 முகடு மெல்ல நகர்ந்து, காலையில் பார்த்தால் இரட்டை முகடு போல அகன்று நிற்கும். ஒரே நீண்ட அளவீடாக எடுக்காமல் அரை மணி நேரத் துண்டுகளாகச் சேமித்து, ஒவ்வொன்றையும் 1461-ஐ வைத்துச் சரிசெய்து, பிறகு கூட்டுங்கள். சுவரின் பொட்டாசியத்தை அளவுகோல் என்று சொன்னது இதற்காகத்தான்.

மழை பெய்தால் எண்ணிக்கை ஏறுமா?

ஏறும், அதுவும் பிற்பகல் இடிமழைக்கு நன்றாகவே ஏறும். காற்றில் உள்ள கதிரியக்க வாயுவான ரேடான் சிதைந்து பிறக்கும் வாரிசுகளான ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவை தூசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மழை அவற்றைத் தரையில் இறக்குகிறது. 352, 609 முகடுகள் உயரும். அவற்றின் அரை ஆயுட்காலம் 27 நிமிடமும் 20 நிமிடமும் என்பதால் மழை விட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கிவிடும். வெயிலில் பின்னணி எடுத்து, மழையில் மாதிரியை அளந்தவர் சாதாரண மீனிலும் கதிரியக்கம் கண்டுபிடிப்பார்.

மீன் என்றதும் கேட்கிறேன்: ஜப்பானிலிருந்து வரும் மீனை வீட்டில் சோதிக்கலாமா?

முடியாது. 2012 ஏப்ரல் முதல் ஜப்பானில் பொது உணவுக்கான சீசிய வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல். மேலே சொன்ன உப்போடு ஒப்பிடுங்கள்: அரை கிலோவில் நாலாயிரம் பெக்கரல் இருந்தும் நாம் இரவெல்லாம் எண்ண வேண்டியிருந்தது. இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஃபுகுஷிமாவிலிருந்து வந்த சீசியம்-134-ன் ஒரு முகடு 605. ரேடான் வாரிசு பிஸ்மத்-214-ன் முகடு 609. சோடியம் அயோடைடு இரண்டையும் பிரிக்காது. "605-ல் கண்டுபிடித்தேன்" என்று வரும் படங்களில் நான் முதலில் தேடுவது 352-ஐ. அது இருந்தால் ரேடான்தான். சீசியம்-134 என்றால் 796-லும் முகடு வேண்டும். அதன் அரை ஆயுளே 2 ஆண்டு என்பதால் 2011-ல் வெளியானதில் இன்று மிச்சம் சொற்பம். உணவுச் சோதனை, தடித்த ஈயக் கூட்டுக்குள் ஜெர்மானியம் வைத்திருக்கும் ஆய்வகங்களின் வேலை.

கோபால்ட்-60-ல் இரண்டு முகடு சரி. 2505-ல் மூன்றாவது எப்படி?

கோபால்ட்-60 சிதைந்து பிறக்கும் நிக்கல்-60 இரண்டு படிகளில் இறங்குகிறது: 1173, பிறகு 1332. இடையில் உள்ள காலம் பிக்கோவினாடி அளவு. இரண்டு கதிரும் ஒரே படிகத்தில் விழுந்தால் கருவிக்கு அவை ஒன்றுதான். கூட்டி 2505 என்று எழுதிவிடும். கவனிக்க வேண்டியது அந்தச் சிறு முகட்டைவிட, அது எங்கிருந்து எடுத்துக்கொண்டது என்பதை. கூட்டுத்தொகைக்குப் போன ஒவ்வொன்றும் 1173-லிருந்தும் 1332-லிருந்தும் குறைந்தது. ஒரு கதிர் முழுதாகவும் மற்றது அரைகுறையாகவும் விழுந்தாலும் இழப்புதான். மூலத்தைப் படிகத்தோடு ஒட்டி வைத்தால் எண்ணிக்கை கூடும் என்று நெருக்குபவர்கள் அறியாமலே முகட்டைக் கரைக்கிறார்கள். தள்ளி வையுங்கள்.

பெட்ரோமாக்ஸ் வலை, மணவாளக்குறிச்சி மணல்?

பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கு வலைகளில் தோரியம் உண்டு. 239, 911, 2615 முகடுகள் அழகாக வரும். உறையைப் பிரிக்காமல் அளந்துவிட்டு எடுத்து வையுங்கள். தூளானால் மூச்சில் போகும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கொண்ட மோனசைட் என்னும் கனிமம் இருப்பது உண்மைதான். ஆனால் மோனசைட் இந்திய அணுசக்திச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாமாவிடம் "ஒரு கைப்பிடி கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அவரை விமான நிலையத்தில் மாட்டிவிடாதீர்கள்.

பிக்கோவினாடி என்கிறீர்களே, அவ்வளவு சிறிய காலத்தை யார் எப்படி அளந்தார்கள்?

நேனோவினாடி வரை வேகமான மின்னணுக் கருவிகள் சமாளிக்கும். அதற்குக் கீழே கடிகாரம் உதவாது, தூரத்தை அளக்கிறார்கள். முடுக்கியிலிருந்து வரும் கற்றை ஒரு மெல்லிய தகட்டைத் தாக்க, கிளர்வுற்ற அணுக்கரு முன்னோக்கிப் பாய்கிறது. ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு வேகம் என்றால் ஒரு பிக்கோவினாடியில் 3 மைக்ரோமீட்டர் ஓடும். எதிரே இன்னொரு தகடு அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஓடும்போது உமிழ்ந்த காமாவின் ஆற்றல் அந்த ஓட்டத்தால் சற்று மாறித் தெரியும் (டாப்ளர் விளைவு), அதனால் இடம் பெயர்ந்த முகட்டில் விழும். நின்ற பின் உமிழ்ந்தது பெயராத முகட்டில். தகடுகளின் இடைவெளியை மைக்ரோமீட்டர் மைக்ரோமீட்டராக மாற்றி, இரு முகடுகளின் விகிதம் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் ஆயுட்காலம் கிடைத்துவிடும். மனித மூளையை நான் வியக்கும் இடங்களில் இது ஒன்று.

இத்தகைய ஆய்வுக்குப் பல ஜெர்மானியக் கருவிகள் சுற்றிலும் நிற்க வேண்டும். இந்தியாவில் மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கிகளுக்கு மாறி மாறிப் போகும் இந்திய தேசிய காமா அணி அப்படிப்பட்டது. நான்கு ஜெர்மானியப் படிகங்களை ஒரே உறைக்குள் வைத்த குளோவர் கருவிகளும், அவற்றைச் சூழ பிஸ்மத் ஜெர்மனேட் கவசமும். காம்ப்டன் சிதறலில் தப்பிய கதிர் கவசத்தில் பட்டால் அந்த நிகழ்வையே கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள். மேடை தாழும், முகடு எழும்.

எலும்பு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தால் என்னை மானி காட்டிக்கொடுக்குமா?

அன்று நிச்சயமாக. ஊசியில் ஏற்றியது டெக்னீசியம்-99எம், அதன் முகடு 140.5 கே.இ.வி. பேரியத்தைப் போலவே தாமதிக்கும் கிளர்வுநிலைதான். அரை ஆயுள் 6 மணி நேரம். மறுநாள் அதே நேரத்தில் சிதைவினால் மட்டுமே பதினாறில் ஒரு பங்காகியிருக்கும்; சிறுநீரில் போனது தனி. பெட் ஸ்கேன் என்றால் 511-ல் முகடு வரும். அது அணுக்கரு நிலைகளுக்கிடையே பிறந்ததன்று; பாசிட்ரானும் எலக்ட்ரானும் அழிந்து பிறந்தது.

சிங்கப்பூரில் கதிர்மூலம் வாங்க அனுமதி வேண்டுமா?

கருவிக்கு வேண்டாம், அதில் கதிரியக்கப் பொருள் இல்லை. கதிர்மூலத்துக்குக் கதிரியக்கப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதைக் கவனிப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம். "விலக்கு அளவு" என்று வெளிநாட்டுக் கடை எழுதியிருப்பதை நம்பி அஞ்சலில் வரவழைக்காதீர்கள். முதலில் வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். மாணவர் என்றால் உங்கள் கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர் வழியாகப் போவதே நேரான வழி. அதுவரை உப்பும் சுவரும் இருக்கின்றன. 1461-ன் திறனை 10 விழுக்காட்டுக்குள் சொல்ல முடிகிறவர், சீசியம் கையில் வந்த அன்றே அதை ஒழுங்காக அளந்துவிடுவார்.